அப்பா தூக்கினால் மட்டும் ஏன் அழுகை? பிள்ளையின் சுபாவமும் அப்பாவின் பங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் நெடுநாளாக வேலை பார்க்கிறேன். காலையில் பிள்ளையை விட வரும் அப்பாக்களும் மாலையில் அழைத்துப்போக வரும் அம்மாக்களும் பாட்டிமார்களும் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஆய்வாளர்கள் கண்டதும் இருக்கிறது, நான் பக்கத்தில் இருந்து பார்த்ததும் இருக்கிறது.

சுபாவம் பிறவியிலேயே வருவதா, நாம் வளர்ப்பதால் வருவதா?

பிள்ளை பிறக்கும்போதே கொஞ்சம் கொண்டுதான் வருகிறது. எங்கள் நிலையத்தில் அடுத்தடுத்த தொட்டிலில் படுத்திருக்கும் இரண்டு குழந்தைகளைப் பார்த்தாலே தெரியும். ஒன்று டயப்பர் நனைந்தாலும் தூங்கும். இன்னொன்று மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாலே கண் விழித்துவிடும். இரண்டுக்கும் வயது ஐந்து மாதம்தான். யாரும் அதற்குள் கெடுத்து வைத்திருக்க முடியாது.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கி, குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகிறதா, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா ஒதுங்குகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு உக்கிரம் என்று மொத்தம் 9 கூறுகளைக் கவனித்தார்கள். அவர்கள் பார்த்த குழந்தைகளில் சுமார் 40 விழுக்காட்டினர் எளிதில் ஒத்துப்போகிறவர்கள். சுமார் 10 விழுக்காட்டினர் கையாளக் கடினமானவர்கள். 15 விழுக்காட்டினர் மெதுவாகப் பழகுகிறவர்கள். மற்றவர்கள் எந்த வகையிலும் முழுசாகச் சேராத கலவை.

இந்த எண்களைவிட அவர்கள் கடைசியில் சொன்ன ஒரு விஷயம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தச் சுபாவம் நல்லது, அது கெட்டது என்று எதுவுமில்லை. பிள்ளையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை போகும் கூட்டத்தைப் பாருங்கள். உறுமிச் சத்தத்துக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து குதிக்கும் பிள்ளை ஒன்று. அதே வயதில், அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கும் பிள்ளை இன்னொன்று. முதல் பிள்ளையின் அப்பாவுக்கு அன்றைக்கு ஊரே பாராட்டு. இரண்டாவது பிள்ளையின் அப்பாவிடம் "என்ன, பையன் இப்படிப் பயப்படுறான்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பிள்ளையின் சுபாவத்துக்கும் அப்பா எவ்வளவு ஈடுபடுகிறார் என்பதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் நேர்க்கோட்டில் இல்லை.

எளிதில் சிரிக்கிற, சீக்கிரம் ஆறுதலடைகிற பிள்ளையோடு அப்பாக்கள் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அழுகை அதிகமான, சமாதானப்படுத்தக் கடினமான பிள்ளையிடமிருந்து அப்பாக்கள் மெல்ல விலகுவதாகச் சிலவற்றில் தெரிகிறது. வேறு சிலவற்றில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பிள்ளை கடினமானது என்பதாலேயே கூடுதலாகக் கை கொடுக்கும் அப்பாக்களையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே "கடினமான பிள்ளை என்றால் அப்பா ஓடிவிடுவார்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம்.

சரி, ஏன் வீட்டுக்கு வீடு இப்படி மாறுகிறது? அம்மாவின் கடமை எது என்று ஊரே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளை எப்படிப்பட்டதாக இருந்தாலும் அம்மா பார்த்தே ஆகவேண்டும். அப்பாவின் பங்கு அப்படி இல்லை. விருப்பம் இருந்தால் செய்யலாம், நேரம் இருந்தால் செய்யலாம் என்று விட்டிருக்கிறோம். விருப்பத்துக்கு விட்ட வேலைதான் சூழ்நிலைக்குத் தகுந்தபடி கூடும், குறையும். பிள்ளையின் சுபாவம், மனைவியோடு உள்ள உறவு, வேலை நேரம், வீட்டில் இருக்கும் பாட்டி எல்லாமே அப்பாவின் ஈடுபாட்டை அசைத்துப் பார்ப்பது இதனால்தான்.

பிள்ளையும் பெற்றோரும் ஒருவரை ஒருவர் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போகிறார்கள் என்று அர்னால்ட் சாமரஃப், மைக்கேல் சாண்ட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1975லேயே எழுதினார்கள். நம் வீடுகளில் அது நடக்கும் விதம் இப்படி: பிள்ளை அழுகிறது. அப்பா தூக்குகிறார், அடங்கவில்லை. அம்மா வாங்கினால் அடங்குகிறது. அடுத்த தடவை அப்பா தூக்கத் தயங்குகிறார். பழக்கம் குறைகிறது. பழக்கம் குறைந்த கையில் பிள்ளை இன்னும் அதிகமாக அழுகிறது. ஆறு மாதத்தில் "இவன் அம்மா பிள்ளை" என்று முடிவாகிவிடுகிறது. இதில் பாசத்துக்கு எந்தக் குறைவும் இல்லை. குறைந்தது பழக்கம் மட்டுமே. என் பார்வையில் இந்தப் பக்கத்தில் நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. எளிதில் கலங்கும் சுபாவமுள்ள பிள்ளைகள் வளர்ப்பின் நல்லது கெட்டது இரண்டையும் மற்றவர்களைவிட அதிகமாக உள்வாங்குகிறார்கள் என்பது ஜே பெல்ஸ்கி என்ற உளவியலாளர் 1997லிருந்து வளர்த்துவரும் கருத்து. அது எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி உறுதிப்படவில்லை என்றாலும் ஆதாரம் கணிசமாக இருக்கிறது. அப்படியானால், எந்தப் பிள்ளையிடமிருந்து அப்பா விலக அதிக வாய்ப்பு இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்குத்தான் அப்பாவால் அதிக நன்மை கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

எட்டு மாதக் குழந்தை. நான் தூக்கினாலே அலறுகிறாள். அம்மா வாங்கினால் உடனே நிறுத்திவிடுகிறாள். நான் என்ன செய்வது?

முதலில் வயதைக் கவனியுங்கள். எட்டு மாதம் என்பது வேற்றுமுகம் பார்க்கும் பருவம். நேற்றுவரை எல்லோரிடமும் போன பிள்ளைகூட இந்த வயதில் அழும். சுபாவத்திலேயே மெதுவாகப் பழகும் பிள்ளை என்றால் இன்னும் கூடுதல். உங்களை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கு அதிகம் பழகிய கை எது என்று சொல்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்து நேரம். பெரும்பாலான அப்பாக்கள் இரவு ஏழரைக்கு வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, ஆசையாகத் தூக்குவார்கள். பிள்ளைக்கு அதுதான் நாளிலேயே மோசமான நேரம். தூக்கக் கலக்கம், களைப்பு. அந்த நேரத்தில் புது ஆள் எவர் தூக்கினாலும் தோல்விதான். உங்கள் முயற்சியைக் காலைக்கு மாற்றுங்கள். பால் குடித்து முடித்து முகம் தெளிந்திருக்கும் நேரம்.

தூக்குவதற்கு முன்னால் தரையில் உட்காருங்கள். அவளை நேருக்கு நேர் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து, கரண்டியோ கிண்ணமோ எதையாவது உருட்டிக்கொண்டிருங்கள். அவள் தவழ்ந்து வந்து உங்கள் முழங்காலைப் பிடிக்கும்வரை காத்திருங்கள். மெதுவாகப் பழகும் பிள்ளைக்கு முதல் அடியைத் தானே எடுத்துவைக்க இடம் கொடுக்கவேண்டும்.

பிறகு, ஏதாவது ஒரு வேலையை முழுசாக உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது நல்ல தேர்வு. தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, துடைத்து, உடுப்புப் போட்டு, தலை வாருவதுவரை நீங்களே. தினமும் அதே வரிசை, அதே துண்டு, அதே பாட்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் கலங்குகிற பிள்ளைக்குப் பாதிக் கலக்கம் போய்விடும். அந்த நேரத்தில் அம்மா பக்கத்து அறையில் இருக்கக்கூடாது. குரல் கேட்கும், வாசனை தெரியும், பிள்ளை தேடும். கீழே கடைக்குப் போய் வரட்டும், இல்லாவிட்டால் தேக்காவுக்கே போய் வரட்டும்.

அழுதால்? கொஞ்ச நேரம் அழட்டும், ஆனால் உங்கள் கையில் இருந்துகொண்டே அழட்டும். தனியாக விடப்பட்டு அழுவது வேறு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் அழுவது வேறு. மூச்சு முட்ட அழுதால் நிறுத்திவிட்டு நாளைக்கு மறுபடி முயலுங்கள். ஒரே வாரத்தில் மாறாது. சில பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் ஆகும்.

டிம்ஃப்னா வான் டென் பூம் என்பவர் நெதர்லாந்தில் செய்து 1994ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எளிதில் எரிச்சலடையும் 100 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரின் தாய்மாரை மட்டும் மூன்று தடவை வீட்டிலேயே சந்தித்து, பிள்ளை காட்டும் சின்னச் சின்ன அறிகுறிகளைக் கவனித்துப் பதில் கொடுக்கப் பழக்கினார். பழகிய தாய்மாரின் பிள்ளைகள் ஒரு வயதில் அம்மாவிடம் நம்பிக்கையோடு ஒட்டிக்கொள்வது மற்றக் குழுவைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. அது தாய்மாரிடம் செய்த ஆய்வுதான். ஆனால் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டது எதுவும் பெண்களுக்கு மட்டும் வரக்கூடிய வித்தை அல்ல. பிள்ளை கண்ணைத் திருப்பினால் விளையாட்டை நிறுத்துவது, முகம் சுளிக்கும்போதே கவனிப்பது, அலறும்வரை காத்திராதது. இவ்வளவுதான்.

எங்கள் நிலையத்துக்கு ஒரு பெண் குழந்தை வந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடித்துவிட்டு நேராக அவளைக் கொண்டுவந்து விடுவார். அவள் அழ ஆரம்பித்ததும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு லிப்டுக்கு ஓடுவார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். "பத்து நிமிஷம் இங்கேயே பாயில் உட்காருங்க அண்ணே" என்று ஒரு நாள் சொன்னோம். உட்கார்ந்தார். அவள் அவருடைய வேலை அட்டையின் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தினமும் அந்தக் கயிறு. அதற்கப்புறம் அவராகவே ஒன்று கண்டுபிடித்தார்: நேராக வராமல், புளோக்குக் கீழே படுத்திருக்கும் பூனைகளை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு வருவார். அழுகை முழுசாக நிற்கவில்லை. ஆனால் அவர் ஓடுவது நின்றது.

மாமியார், பணிப்பெண், அம்மா எல்லோரும் இருக்கிற வீட்டில் அப்பாவுக்கு இடம் எங்கே?

இடத்தை யாராவது விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும்.

நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் முதல் மாதம் எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருப்பார்கள். பத்தியச் சாப்பாடு, மருந்துக் குழம்பு, எண்ணெய். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். அப்பா வாசல் பக்கம் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். அந்தக் கைப்பக்குவம் பெரிய செல்வம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாட்டி ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பக்குவம் அம்மாவுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. அப்பா முதல் மாதத்திலேயே பார்வையாளர் ஆகிவிடுகிறார்.

அமெரிக்காவில் சாரா ஷாப்பி-சல்லிவன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், அம்மா ஊக்கம் கொடுக்கும் வீடுகளில் அப்பாக்கள் அதிகமாக ஈடுபடுவதையும் குறை சொல்லும் வீடுகளில் ஈடுபாடு குறைவதையும் கண்டார்கள். நம் ஊரில் "குறை" எப்படி வரும் தெரியுமா? "விடுங்க, நானே பாத்துக்கறேன்." அன்பாகத்தான் சொல்கிறோம். அது அவர் காதில் "உங்களுக்கு வராது" என்று விழுகிறது. எளிதில் ஒத்துப்போகும் பிள்ளை என்றால் இது அவ்வளவாகப் பாதிக்காது. அப்பா எப்படி டயப்பர் கட்டினாலும் அது சிரிக்கும். சிணுங்குகிற பிள்ளை உள்ள வீட்டில்தான் அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் பரீட்சை. அங்கே பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் நல்லது.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் கையில் கொடுத்த பிறகு, பிள்ளை அழுகிறது என்பதற்காக மட்டும் திரும்ப வாங்காதீர்கள். சட்டையைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டாரா, போகட்டும். அதே சமயம் அப்பாக்களுக்கும் சொல்கிறேன்: மனைவி வாங்கிக்கொள்வதை எதிர்பார்த்தே தூக்காதீர்கள்.

பணிப்பெண் விஷயத்தில் என் கருத்து சுருக்கமானது. துணி, சமையல், வீட்டு வேலையை அவரிடம் கூடுதலாகக் கொடுத்து, குளியலையும் படுக்க வைப்பதையும் பெற்றோர் வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது.

பையன் ரொம்பக் கூச்சம். அப்பா தைரியம் வரட்டும் என்று தள்ளிவிடுகிறார். சரியா?

தள்ளுவதும் தப்பு, பொத்திப் பொத்தி வைப்பதும் தப்பு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய சத்தம், புதிய வாசனை, அசையும் பொம்மை காட்டிப் பார்த்தார். அவர்களில் சுமார் 20 விழுக்காட்டினர் கை கால்களை உதைத்து, அழுது, மிகவும் கலங்கினார்கள். பிறகு கூச்சமும் பயமும் உள்ள சிறுவர்களாக வளர இந்தக் குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் எல்லோரும் அப்படி வளரவில்லை. பெற்றோர் மென்மையாகவும் விடாமலும் ஊக்கம் கொடுத்து, ஒவ்வொரு சிரமத்தையும் தாங்களே முன்னால் போய்த் தடுக்காமல் இருந்தது அதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது.

இங்கே அப்பாக்களுக்கு ஒரு தனி இடம் இருப்பதாகக் கனடாவின் டேனியல் பாகெட் என்ற ஆய்வாளர் 2004ல் எழுதினார். பிள்ளையை வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டு, கொஞ்சம் துணிச்சல் எடுக்கவைத்து, அதே நேரம் எல்லையும் போட்டுக் காப்பது அப்பா உறவின் ஒரு முக்கியப் பகுதி என்றார். இதை ஆண்களின் ஏகபோகமாக நான் பார்க்கவில்லை. செய்கிற அம்மாக்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அப்பாவுக்கு இது இயல்பாக வருகிறது என்றால் நல்லபடி பயன்படுத்தலாமே.

விளையாட்டுத் திடலில் சறுக்கு மரத்தின் அடியில் நின்று "ஏறு, ஏறு, எல்லாரும் ஏறுறாங்க பாரு" என்றால் கூச்சப் பிள்ளை இறுகிப்போகும். கூட்டமில்லாத நேரத்தில், ஞாயிறு காலை எட்டு மணி போல, கூட்டிப்போங்கள். முதல் நாள் இரண்டு படி. கையைப் பிடித்துக்கொள்ளட்டும். இறங்கவேண்டும் என்றால் இறக்கிவிடுங்கள், கேலி பேசாதீர்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினரிடம் "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்துவதும் இதே வகைதான். அங்கே பிள்ளையின் பக்கம் நின்று "அவன் பழகினதும் வருவான்" என்று அப்பா சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

அப்பாவும் மகனும் மல்லுக்கட்டி விளையாடுகிறார்கள். ஏற்கெனவே துறுதுறு, இன்னும் முரடாகிவிடுவானா?

அப்பா கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தால் மாட்டான். கனடாவில் நடந்து 2009ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட விளையாட்டில் அப்பா ஆதிக்கத்தை இழந்துவிடும் ஜோடிகளில்தான் அடிக்கடி மல்லுக்கட்டுவதும் பிள்ளையின் முரட்டுத்தனமும் சேர்ந்து காணப்பட்டன. "போதும்" என்று சொன்னால் விளையாட்டு நிற்கவேண்டும், பிள்ளை சொன்னாலும் சரி, அப்பா சொன்னாலும் சரி. படுக்கும் நேரத்துக்கு முன்னால் வேண்டாம். அடங்க நேரம் பிடிக்கும்.

மூத்தவன் அப்பாவோடு ஒட்டிக்கொண்டான். இளையவள் அழுமூஞ்சி, அப்பா அவளோடு சேர்வதே இல்லை. பெண் பிள்ளை என்பதாலா?

சில ஆய்வுகளில் அப்பாக்கள் ஆண் பிள்ளைகளோடு சற்றுக் கூடுதல் நேரம் செலவிடுவது தெரிகிறது, சிலவற்றில் வேறுபாடே இல்லை. உங்கள் வீட்டில் சுபாவம்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். மூத்தவன் எளிதான பிள்ளை, தூக்கியதும் சிரித்தான், அப்பாவுக்கு "நான் நல்ல அப்பா" என்ற நம்பிக்கை வந்தது. இளையவள் அந்த நம்பிக்கையைத் தரவில்லை.

இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப்போனால் மூத்தவன் அப்பாவை முழுக்க எடுத்துக்கொள்வான். இளையவளோடு மட்டும் தனியாக ஒரு நேரம் வேண்டும். சனிக்கிழமை ரொட்டி வாங்கக் கீழே போவதுகூடப் போதும். "அண்ணன் இப்படி அழமாட்டானே" என்ற ஒப்பீட்டை மட்டும் வீட்டில் ஒருவரும் சொல்லாமல் இருங்கள். இரண்டு வயதில் அதெல்லாம் புரியும்.

இந்த ஆய்வுகள் எல்லாம் வெள்ளைக்காரர்களைப் பற்றியவைதானே? நமக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. பெரும்பாலானவை அமெரிக்கா, ஐரோப்பாவில் நடந்தவை. அதிலும் நெடுங்காலம் அம்மாக்களை மட்டுமே கேட்டார்கள். அப்பாவைப் பற்றிக்கூட அம்மாவிடம்தான் கேட்டார்கள். சிங்கப்பூரில் 2009ல் 'கஸ்டோ' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் 1,200க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பிள்ளைகளைப் பின்தொடர்கிறார்கள். அதுவும் அம்மாவிலிருந்து தொடங்கிய ஆய்வுதான்.

ஆசியாவிலிருந்து ஒன்று சொல்கிறேன். பிலிப்பீன்ஸின் செபு நகரில் 624 ஆண்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்பாவான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு நன்றாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தவர்களுக்கு அது மற்ற அப்பாக்களைவிடக் குறைவாக இருந்தது. பிள்ளை வளர்ப்பதற்கு ஆணின் உடம்பும் தயாராகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். "ஆம்பளைக்கு இதெல்லாம் எப்படி வரும்" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஷிப்ட் வேலை. நடுவில் தேசிய சேவைப் பயிற்சி வேறு. எவ்வளவு நேரம் இருந்தால் போதும்?

மணிக்கணக்கு மட்டும் பார்த்தால் சோர்வுதான் மிஞ்சும். மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் 1980களில் அப்பாவின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள்: நேரடியாகப் பிள்ளையோடு செய்வது, கூப்பிட்டால் கிடைக்கும்படி இருப்பது, பொறுப்பை மனத்தில் சுமப்பது. மூன்றாவதைத்தான் அப்பாக்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். அடுத்த தடுப்பூசி எப்போது, டயப்பர் எந்த அளவு, எந்தப் பழம் சாப்பிட்டால் தடிப்பு வரும், பாலர் பள்ளியில் வெள்ளிக்கிழமை என்ன கொண்டுபோகவேண்டும். இதற்கு வீட்டில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கலங்குகிற பிள்ளைக்கு நீளத்தைவிட ஒழுங்கு முக்கியம். ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேலை வாரத்தில் காலைக் குளியல், பகல் வேலை வாரத்தில் இரவுக் கதை என்று இரண்டு வரிசை இருந்தாலும் பிள்ளை பிடித்துக்கொள்ளும். முகாமுக்குப் போகுமுன் இரண்டு வயதுப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். தூங்கும்போது நழுவிப் போனால், அடுத்த முறை நீங்கள் செருப்பைத் தொட்டாலே அழும்.

விடுப்பை எப்படி எடுத்தால் நல்லது?

முதலில் விதி. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாகவும் பெற்றோர் சட்டப்படி மணமானவர்களாகவும் இருந்தால், வேலையில் 3 மாதம் ஆன அப்பாவுக்கு அரசாங்கச் செலவில் தந்தையர் விடுப்பு உண்டு. 2013ல் ஒரு வாரமாகத் தொடங்கியது, 2017ல் இரண்டு வாரமானது, 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு முதலாளி 4 வாரம் கட்டாயம் கொடுக்கவேண்டும். அரசாங்கம் கொடுப்பது வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை. அதற்கு மேல் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு, 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை பிறந்தவர்களுக்கு 6 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறப்பவர்களுக்கு 10 வாரம். குழந்தை குடிமகனாக இல்லாவிட்டால் இவை இல்லை; 7 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 2 நாள் பராமரிப்பு விடுப்புதான். வேலைக்காக இங்கே வந்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பெரிய குறை.

இனி, எப்படி எடுப்பது? நான்கு வாரத்தையும் பிறந்த உடனே எடுத்துவிடுகிறார்கள். பாட்டி, உறவினர் என்று வீடு நிறைந்திருக்கும் நேரம். முதலாளி சம்மதித்தால் 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். கைக்குழந்தையின் அழுகை பொதுவாக ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். ஒரு பகுதியை அந்த உச்சத்துக்கும், இன்னொரு பகுதியை அம்மா வேலைக்குத் திரும்பும் நேரத்துக்கும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அம்மா வீட்டில் இல்லாத அந்த நாள்களில்தான் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் உண்மையாகக் கற்றுக்கொள்கிறார்கள். மெதுவாகப் பழகும் பிள்ளை என்றால், எங்களிடம் சேர்க்கும் வாரத்துக்கும் சில நாள்களை ஒதுக்குங்கள். முதலாளியிடம் முன்கூட்டியே, குறைந்தது 4 வாரத்துக்கு முன், சொல்லிவிடவேண்டும்.

பிள்ளை அழும்போது எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சொன்னதே நல்லது. கோபம் உச்சத்தில் இருந்தால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சில நிமிடம் வெளியே நில்லுங்கள். அந்தச் சில நிமிட அழுகையால் ஆபத்து இல்லை. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். ஒரு முறைகூட, கொஞ்ச நேரம்கூடக் குலுக்கக்கூடாது.

பிள்ளை பிறந்த பிறகு மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் வந்த கட்டுரை, சுமார் பத்தில் ஓர் அப்பாவுக்கு அது இருப்பதாகவும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதிகமாக இருப்பதாகவும் கூறியது. ஆண்களுக்கு அது அழுகையாக வராமல் எரிச்சலாக, வேலையிலேயே மூழ்குவதாக, குடியாகத் தெரியக்கூடும். சோர்ந்த மனத்துக்குச் சாதாரணப் பிள்ளையும் கடினமான பிள்ளையாகத் தோன்றும். அழுகை அதிகமான பிள்ளை நல்ல மனத்தையும் சோர்வடையச் செய்யும். பலதுறை மருந்தகத்திலோ பக்கத்துக் குடும்ப சேவை நிலையத்திலோ பேசலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம்.

இது சுபாவம் இல்லை, வேறு ஏதோ என்று எப்போது சந்தேகப்படுவது?

ஒரு வயது ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், கண்ணைப் பார்க்காவிட்டால், எதையும் சுட்டிக் காட்டாவிட்டால், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்துபோனால் "அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று தள்ளிப்போடாதீர்கள். நாள்தோறும் பல மணி நேரம் அடங்காத அழுகை, எடை கூடாமை, பால் குடிக்க மறுப்பது இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வயிற்றுக் கோளாறோ ஒவ்வாமையோ இருக்கலாம்.

பலதுறை மருந்தகத்துக்கு உடல்நலக் கையேட்டை எடுத்துப்போங்கள். அதில் வயதுக்கேற்ற வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது, முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள், இருவரும் தனித்தனியாக. அம்மா பார்ப்பதும் அப்பா பார்ப்பதும் பல நேரம் வேறுபடும், மருத்துவருக்கு இரண்டும் வேண்டும். கவலைப்படுத்தும் நடத்தையைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் பிள்ளை அதைச் செய்து காட்டாது. தேவைப்பட்டால் அவர்களே குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள்.